தலைமாட்டில் நின்றவனுக்குப் பெண்

ஒரு காட்டில், மாப்பிள்ளைகள் தூக்கிக் காட்ட வேண்டிய இளவட்டக்கல் இரண்டாகப் பிளந்து போயிற்று. காடும் முன்னேற வேண்டுமல்லவா? புதிதாக ஜிம் ஒன்று திறந்திருந்தார்கள். இனிமேல் அங்கே பெஞ்ச் பிரஸ் கம்பியில் எண்பது கிலோ தூக்குபவனுக்கே பெண் என்று பஞ்சாயத்து முடிவு செய்தது.

சடையாண்டி என்ற காட்டுப்பன்றிக்கு வடிவு என்ற பெண்பன்றி மேல் கொள்ளை ஆசை. வடிவின் அப்பாவோ மூன்று மாதம் தவணை கொடுத்தார். அதற்குள் தூக்காவிட்டால் பெண் அடுத்த காட்டுக்குப் போய்விடும். சடையாண்டி அன்றைக்கே ஜிம்மில் சேர்ந்தான்.

அங்கே பயிற்சி கொடுப்பவள் செண்பகம் என்ற முள்ளம்பன்றி. பெஞ்சில் மல்லாந்து படு, தோள்பட்டையைப் பின்னுக்கு இழுத்து அதில் அழுத்து, பாதத்தைத் தரையில் ஊன்று, கம்பியை நெஞ்சில் மோதித் துள்ளவிடாதே, முப்பது கிலோவில் ஆரம்பி என்று படித்துப் படித்துச் சொன்னாள். தலைமாட்டில் துணைக்கு நிற்பவர், கம்பி பாதியில் நின்றுபோனால் மட்டுமே கைகொடுக்க வேண்டும் என்றும் சொன்னாள். அத்தனையும் சரிதான். ஆனால் அவள் தலைமாட்டில் குனிந்தபோது சடையாண்டியின் மூக்குக்கு நேரே முட்கள் கொத்தாக நின்றன. "அக்கா, நீங்க செத்த உக்காருங்க" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு, தன் சேக்காளிப் பன்றி மாசானத்தைக் கூட்டிவந்தான்.

மாசானம் தங்கமானவன். நண்பன் முகம் வாடினால் தாங்கமாட்டான். முதல் நாளே எண்பது கிலோவை மாட்டிவிட்டு, கம்பியை மேலும் கீழும் தானே இழுத்துக்கொண்டு, "எல்லாம் நீதாம்ல, நான் தொடவே இல்ல" என்பான். சடையாண்டி நம்பினான். நம்மைப் புகழ்ந்தால் நாம் மட்டும் விசாரித்துப் பார்க்கிறோமா என்ன? மூன்று மாதத்தில் சடையாண்டிக்கு நடை மாறியது. மாசானத்துக்கு பனியன் தோளில் கிழிந்தது.

பரீட்சை நாளில் காடே கூடியது. வாய்விட்டுக் கூப்பிடும்வரை துணைக்கு நிற்பவர் கம்பியைத் தொடக் கூடாது என்று செண்பகம் அறிவித்தாள். மாசானம் தலைமாட்டில் நிற்க, சடையாண்டி கம்பியை இறக்கினான். இறங்கிய கம்பி நெஞ்சிலேயே உட்கார்ந்துகொண்டது. வடிவு பார்க்கிறாளே, எப்படிக் கூப்பிடுவது? கால் இரண்டும் காற்றில் உதைத்தன. முகம் கத்தரிக்காய் நிறத்துக்கு வந்தது.

"வெக்கம் பாக்காதல, கூப்பிடு" என்று செண்பகம் கெஞ்சினாள்.

கடைசியில் மாசானத்தின் பெயர் முனகலாக வந்தது. மாசானம் கம்பியைப் பழக்கப்பட்ட கையால் அலுங்காமல் தூக்கி, தாங்கியில் வைத்தான். அவனுக்கு மூச்சுகூட வாங்கவில்லை.

வடிவு அப்பாவைப் பார்த்தாள். "எண்பது கிலோ தூக்குனவருக்குத்தானப்பா என்னைக் குடுப்பீய? அதான் தூக்கிட்டாருல்லா."

பஞ்சாயத்து விதியைப் புரட்டியது. படுத்துக்கொண்டுதான் தூக்க வேண்டும் என்று அதில் எங்குமே இல்லை. அடுத்த முகூர்த்தத்தில் மாசானத்துக்கும் வடிவுக்கும் கல்யாணம். சடையாண்டி நெஞ்சில் கட்டுப்போட்டுக்கொண்டு மாப்பிள்ளைத் தோழனாக நின்றான். பாவம், அழுதான். புகை கண்ணில் பட்டுவிட்டது என்று மாசானம் எல்லோரிடமும் சொன்னான்.

நீதி: உடம்பு தேற வேண்டுமானால் பெஞ்சில் படுக்காதே. படுத்திருப்பவனின் தலைமாட்டில் நின்று அவனை விடாமல் புகழ்.