சாலையைப் பாருங்கள், மாப்பிள்ளை

கல்யாணம் நிச்சயமானதும் ஆண்பிள்ளைக்குப் புத்தி கொஞ்சம் கழண்டுவிடும். எனக்குக் கழண்டதை நானே கொண்டுபோய்க் காரில் மாட்டிவிட்டேன்.

கார் என்றால், அப்பா என் தலையில் கட்டிய பழைய கார். கல்லூரிக்குப் போகிற வயது அதற்கு. டிரைவர் பக்கத்துக் கதவைத் திறக்க ஜன்னல் வழியாகக் கையை வெளியே விட வேண்டும். (திருடன் குழம்பிப்போவான் என்று பெருமை வேறு.) நிச்சயதார்த்தம் முடிந்த கையோடு சுகன்யாவை அதில் கடற்கரைக்கு அழைத்துப்போக, கோவிலம்பாக்கத்திலிருந்த வருங்கால மாமனாரிடம் அனுமதி கேட்டேன். ரயில்வேயில் சிக்னல் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எதற்கும் உடனே பச்சை காட்ட மாட்டார்.

"ஞாயித்துக்கிழமை பீர்க்கன்கரணையில மண்டபம் பாக்கணும்ல? உங்க வண்டியிலயே போவோம். ஓட்டுற அழகைப் பாத்துட்டுச் சொல்றேன் மாப்பிள்ளை."

இல்லாத அழகுக்கு எங்கே போவது? கடைக்குத்தான் போனேன். புதுக் கார்களில் பிறவியிலேயே வருகிற ஓட்டுநர் உதவி வசதியைப் பழைய காரிலும் பொருத்தலாமாம். உள்ளங்கை அகலக் கருவி, இரண்டு கேமரா. ஒன்று ரோட்டைப் பார்க்கும். இன்னொன்று டிரைவரின் மூஞ்சியைப் பார்க்கும். டிரைவர் தூங்கினாலோ, பராக்குப் பார்த்தாலோ ஒரு பெண் குரல் சுத்தத் தமிழில் எச்சரிக்கும். தாம்பரத்தில் கார் சாமான் கடை வைத்திருந்தவர் மாட்டிக் கொடுத்தார்.

"சத்தத்தைக் கொறைக்க முடியுமாண்ணா?"

"அது மட்டும் முடியாது சார், சேஃப்டி மேட்டரு. வயரைக்கூட உள்ளாற வுட்டு பக்காவா பண்ணிக்கீறேன். நீயே நென்ச்சாலும் புடுங்க முடியாது."

(பூரித்துப்போய் அவருக்கு டீ வாங்கிக் கொடுத்தேன்.)

ஞாயிற்றுக்கிழமை. பின்கதவைத் திறக்கப்போன சுகன்யாவை மாமனார் தடுத்தார். "நீ முன்னாடி உக்காரும்மா. பீச்சுக்கு எப்படிப் போவீங்களோ அப்படியே போவோம். நானும் அம்மாவும் பின்னாடி இல்லவே இல்லைன்னு நெனச்சுக்குங்க."

சுகன்யா மயில்கழுத்து நிறத்தில் புடவை கட்டியிருந்தாள். தெருமுனை திரும்புவதற்குள் ஒரு தடவை பார்த்தேன். ஒரே ஒரு தடவை.

"ஓட்டுநர் கவனத்திற்கு. சாலையைப் பாருங்கள்."

"யாருங்க அது?" என்று மாமியார் திடுக்கிட்டார்.

வாயை மூடிக்கொண்டிருந்தால் பிழைத்திருப்பேன். "புது மெஷின் அத்தை! என் கண்ணையே பாத்துக்கிட்டிருக்கும். ரோட்டை விட்டு நான் வேற எங்க பாத்தாலும் உடனே காட்டிக் குடுத்துடும்!"

பின்சீட்டிலிருந்து ஒரு தலை முன்னால் நீண்டது.

"அப்ப வேற எங்க பாத்தீங்க?" என்றார் மாமனார்.

"மிரர் மாமா. இடது பக்க மிரர்."

"இடது பக்கம் மிரரே இல்லையே மாப்பிள்ளை?"

இல்லைதான். அது எப்போதோ ஒரு ஷேர் ஆட்டோவோடு போய்விட்டது.

சுகன்யா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று பார்த்தேன். (சிரித்துக்கொண்டிருந்தாள்.)

"ஓட்டுநர் கவனத்திற்கு..."

மேடவாக்கம் போய்ச் சேர்வதற்குள் அந்த இல்லாத மிரரை நான் பார்த்தது கொஞ்சநஞ்சமல்ல. கண் தெரிந்தால்தானே கண்டுபிடிக்கும் என்று, சிக்னலில் நின்றபோது கூலிங் கிளாஸை எடுத்து மாட்டினேன்.

"ஓட்டுநர் உறங்குகிறார். உடனே வாகனத்தை நிறுத்தவும்."

"ஐயோ, தூங்கறாராம்! எழுப்புடி!" என்று மாமியார் அலற, சுகன்யா கடமை தவறாமல் என் தொடையில் கிள்ளினாள்.

"தூங்கலை அத்தை!" என்று நிரூபிப்பதற்காகப் பின்பக்கம் முழுசாகத் திரும்பிக் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைக் காட்டினேன். இதற்குள் பச்சை விழுந்து வண்டி நகர்ந்துகொண்டிருந்தது.

"முன்னால் தடை! முன்னால் தடை!"

பிரேக்கை மிதித்தேன். எதிரே தண்ணீர் லாரி. அதன் குழாயிலிருந்து எங்கள் பானெட் மேல் சொட்டுகிற அளவுக்குப் பக்கம்.

"ஓரங்கட்டுங்க" என்றார் மாமனார். சிவப்பு விழுந்துவிட்டது. ஜன்னல் வழியே கையை விட்டுக் கதவைத் திறந்து, சாவியையும் கடற்கரையையும் அவரிடம் ஒப்படைத்தேன். சுகன்யா பின்சீட்டுக்குக் கடத்தப்பட்டாள். மயில்கழுத்து உட்கார்ந்த இடத்தில் நான்.

அவர் ஓட்ட, கருவி மூச்சு விடவில்லை. செம்பாக்கம் தாண்டியதும் மாமனார் மீசையைத் தடவினார். "பாத்தீங்களா? ஆளைப் பாத்துத்தான் பேசுது."

கேம்ப் ரோடு பக்கத்தில் ஒரு கடை வாசலில் சுடச்சுட ஜிலேபி பிழிந்துகொண்டிருந்தார்கள்.

"ஓட்டுநர் கவனத்திற்கு. சாலையைப் பாருங்கள்."

"மிரர்..." என்று ஆரம்பித்த மாமனார் அப்படியே நிறுத்திக்கொண்டார்.

"எந்த மிரரு?" என்றார் மாமியார். "ஜிலேபிக் கடைதானே? சுகரை வச்சுக்கிட்டு டெய்லி வாக்கிங் போறேன்னு போறது இதுக்குத்தானா?"

அதற்குப் பிறகு பெருங்களத்தூரில் ஒரு தடவை (அல்வா), பீர்க்கன்கரணைக்குள் நுழையும்போது ஒரு தடவை (பால்கோவா). என் வழக்கு மறந்தே போய், மண்டபம் வரை அவர் வழக்கே நடந்தது.

பெண்கள் சமையல்கட்டைப் பார்க்கப் போனபோது மாமனார் மெல்ல என் பக்கத்தில் வந்தார்.

"அதைக் கழட்டிட முடியாதா?"

"முடியாது மாமா. பக்காவா மாட்டியிருக்காரு."

நீளமாக ஒரு பெருமூச்சு. ஒரே கூண்டில் நிற்கிறவர்களுக்குள் வருமே, அந்த மாதிரிப் பாசத்தோடு தோளில் கை போட்டார். "சனிக்கிழமை பீச்சுக்குப் போய்ட்டு வாங்க. ஒரே ஒரு கண்டிஷன். வண்டிக்குள்ள பேசுற அந்த அம்மாவும் கூட வரணும்."

அப்படியாக எங்கள் முதல் உலாவுக்கு மூன்று பேர் போனோம். சுகன்யா அன்றைக்கு என்ன நிறத்தில் உடுத்தியிருந்தாள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ரோட்டில் இருந்த பள்ளமெல்லாம் மனப்பாடம்.

கல்யாணத்தன்று மணவறையில் ஓரக்கண்ணால் அவளைப் பார்த்தேன். பின்னாலிருந்து மாமனார், "ஓட்டுநர் கவனத்திற்கு!" என்று குரல் கொடுத்ததில் நாதஸ்வரக்காரருக்கே மூச்சு விட்டுப்போனது.

காரை விற்றாயிற்று. கழற்ற முடியாததால் அந்த அம்மாவும் அதோடு போய்விட்டார். குரல் மட்டும் எங்கள் குடும்பத்தில் தங்கிவிட்டது. ஒவ்வொரு தீபாவளிக்கும் பலகாரத் தட்டு மாமனாரைத் தாண்டிப் போகும்போது, "சாலையைப் பாருங்கள்" என்பேன்.

அவர் முகத்தில் ஒரு சலனமும் இருக்காது.

"மிரரைப் பாத்தேன் மாப்பிள்ளை."