கட்டிப் பார்த்தால்தான் தெரியும்

சாமிக்கண்ணு காலையில் பல் விளக்கிவிட்டு அடுப்பங்கரைக்கு வந்தார். மேடை மேல் இருந்த பித்தளைச் சொம்பை எடுத்து அண்ணாந்து ஊற்றிக்கொண்டார். தண்ணீரோடு கறுப்பாக ஏதோ ஒன்று சறுக்கி வந்து முன்பல்லில் ணங்கென்று இடித்தது.

"ஐயோ, செல்வாம்பா! சொம்புல தேளு!"

தேள் இல்லை. வாட்ச்.

சத்தம் கேட்டு மச்சினன் பாவாடை ஓடிவந்தான். மாமாவின் பல்லை அவன் பார்க்கவில்லை. தரையில் கிடந்த வாட்ச்சை எடுத்து, வேட்டியில் துடைத்து, காதோரம் வைத்துக் கேட்டான்.

"ஒரு சொட்டு உள்ள போவல மாமா!"

"எனக்குந்தான்டா உள்ள போவல" என்றார் சாமிக்கண்ணு, வாயைப் பொத்திக்கொண்டு.

அக்கா செல்வாம்பாள் கரண்டியோடு வந்து நின்றாள். "தண்ணில போட்டுப் பாக்க ஒனக்கு எங்கூட்டு சொம்புதான் கெடச்சுதா? அங்க கடலு அவ்ளோ பெருசா கெடக்குதே!"

"கடல்ல போட்டா திரும்பி வருமாக்கா?"

பாவாடைக்கும் கடலுக்கும் ஆகாது. அலை கணுக்காலைத் தொட்டாலே செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு திரும்பிவிடுவான். அப்பேர்ப்பட்டவன் கையில், கடலுக்கடியில் முக்குளிக்கிறவர்களுக்கென்றே செய்த சுவிஸ் வாட்ச் எப்படி வந்தது என்பதைச் சொல்லிவிட வேண்டும்.

அவன் மில்லில் பிட்டர். முதலியார்பேட்டையில் அக்கா வீட்டோடு இருந்தான். மில் நேரம் போக அவனுக்கு இருந்த ஒரே பைத்தியம் வாட்ச். மற்றவர்கள் கல்யாணத்துக்கு மாமனார் போடுகிற ஒரு வாட்ச்சை வைத்துக்கொண்டு ஆயுளை ஓட்டிவிடுவார்கள். இவன் ஒரு பிஸ்கெட் டப்பா நிறைய வைத்திருந்தான். ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும் பாயில் பரப்பி ஒவ்வொன்றுக்கும் சாவி கொடுப்பான். அந்த டப்பாவுக்கு ராஜா மாதிரி ஒரு வாட்ச் வேண்டும் என்பது அவனுடைய நெடுநாள் ஆசை.

ஆசைக்குக் குறைவில்லை. முடிவெடுப்பதுதான் அவனுக்கு வராது. அக்கா வரன் கொண்டுவந்தால் "யோசிச்சு சொல்றேன்" என்பான். அவன் யோசித்து முடிப்பதற்குள் அந்தப் பெண்ணுக்குக் கல்யாணமாகி, பிள்ளைக்குக் காது குத்துக்கே பத்திரிகை வந்துவிடும். முப்பத்திரண்டு வயதும் இப்படியே வந்துவிட்டது.

எண்பத்திரண்டாம் வருஷம் மழைக்காலம் முடிந்த கையோடு, அவன் கூடப் படித்த நாராயணசாமி லீவில் வந்தான். நாராயணசாமி பிரான்சில் துலோன் துறைமுகத்தில் கப்பற்படையில் இருந்தான். ஊர் வழக்கப்படி சொன்னால் 'சொல்தா'. குருசுக்குப்பத்தில் அவன் அம்மாவும் தங்கையும் இருந்தார்கள். வரும்போது இரண்டு வாட்ச் கொண்டுவந்திருந்தான்.

இரண்டும் இரட்டைப் பிள்ளைகள். ஒரே கம்பெனி, அதே கறுப்பு டயல், சுற்றிலும் திருகினால் நகர்கிற அதே வளையம்.

"ஒண்ணு போன வருஷத்து சரக்கு, ஒண்ணு இந்த வருஷத்து சரக்கு. உள்ள மிஷினுதான் வேற" என்றான் நாராயணசாமி. "ரெண்டுல ஒண்ணு ஒனக்கு. புடிக்கலன்னா மாத்திக்கடா."

பாவாடை ஒரு பொழுது முழுக்க இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தான். சோறு ஆறிப்போனது. கடைசியில் நாராயணசாமியே அலுத்துப்போய் ஒன்றை எடுத்து அவன் கையில் கட்டி, "இதான் முடிவு. சத்தியம் பண்ணு" என்றான். பாவாடையும் சத்தியம் பண்ணிவிட்டு வந்தான்.

அந்தச் சத்தியம் சொம்பு வரைக்கும்தான் நின்றது. தண்ணீர் உள்ளே போகவில்லை, சரி. ஆனால் மில் சங்கு ஊதும்போது வாட்ச் ஒரு நொடி பிந்துகிற மாதிரி இருந்தது. இருட்டில் பார்க்க அரிசிப் பானைக்குள் தலையை விட்டபோது முள் பச்சையாக எரிந்தது. இன்னொன்று கொஞ்சம் நீலமாக எரிந்திருக்குமோ? ராஜா வாட்ச் வாழ்க்கையில் ஒரு தடவைதான் வாங்க முடியும். தப்பானதை எடுத்துவிட்டால் டப்பாவைத் திறக்கும்போதெல்லாம் நெஞ்சில் முள்ளாய்க் குத்துமே! சைக்கிளை எடுத்துக்கொண்டு குருசுக்குப்பம் போனான்.

கதவைத் திறந்தவள் தங்கை தனக்கொடி. ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தவள் கழுத்தில் இஞ்சி டேப்போடு அப்படியே எழுந்து வந்திருந்தாள்.

"அண்ணன் நேத்தே கெளம்பிட்டாரே. அவசரமா கூப்புட்டுட்டாங்க."

பாவாடையின் முகம் தொங்கிப்போனது. "மாத்திக்கலாம்னு வந்தேன்..."

அவள் அந்த முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "இதுல இன்னா கொற?"

அவன் சொன்னான். சங்கு, முள், பச்சை, நீலம், சொம்பு, மாமாவின் பல் எல்லாவற்றையும் சொன்னான். இத்தனை வருஷத்தில் அவன் வாட்ச்சைப் பற்றிப் பேசி ஒருத்தர் கொட்டாவி விடாமல் கேட்டது அதுதான் முதல் தடவை.

"குடுங்க" என்று வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். டிரங்குப் பெட்டி திறந்து மூடும் சத்தம் கேட்டது. கொல்லைப் பக்கமிருந்து அவள் அம்மா குஞ்சம்மாள், "யாரு கொடி?" என்று குரல் கொடுத்தாள்.

"வாட்ச்காரரும்மா!"

கைக்குட்டையில் சுற்றிக் கொண்டுவந்ததைப் பாவாடை வாங்கிக் கட்டினான். காதில் வைத்தான். முகம் மலர்ந்தது.

"ஆங்! இது, இது! சத்தமே வேற பாருங்க. கனம்கூட ஒரு சிட்டிக கம்மி."

"அப்பிடியா?" என்றாள் தனக்கொடி.

அடுத்த வாரமே மறுபடியும் வந்துவிட்டான். இது முந்துகிற மாதிரி இருந்தது. பழையதே தேவலை. மாற்றிக்கொண்டு போனான். அதற்கடுத்த வாரம், பழையதில் வளையம் இறுக்கம். மாற்றினான். ஒவ்வொரு தடவையும் குறை என்னவென்று அவள் கேட்பாள். அவன் விலாவாரியாகச் சொல்வான். டிரங்குப் பெட்டி திறந்து மூடும். நடுவில் ஒரு காபியும் வரும். திரும்பும்போது சைக்கிள் தானாகப் போகிற மாதிரி இருக்கும். எல்லாம் வாட்ச் செய்கிற வேலை என்று நினைத்துக்கொண்டான். கெட்டிக்காரன்தான்.

ஒரு நாள் தனக்கொடியே பேச்செடுத்தாள்.

"என்னப் பொண்ணு பாக்க வரவங்கல்லாம் மொத வார்த்தையா இன்னா கேக்கறாங்க தெரியுமா? 'பொண்ணுக்கு நாசியோனாலித்தே இருக்குதா'ன்னுதான். எனக்குப் பிரெஞ்சு குடியுரிமைப் பேப்பரு இருக்குது. கட்டிக்கறவனுக்கும் கெடச்சிடும். மூஞ்சிய நிமிந்துகூட பாக்கறதில்ல. ஒருத்தரு பேப்பரத்தான் வெளிச்சத்துல காட்டிப் பாத்தாரு. நீங்க எதுக்கு வரீங்க?"

"நானா? வாட்ச்சுக்குத்தான்" என்றான் பாவாடை கள்ளமில்லாமல்.

"அதான் பாத்தேன்" என்று அவள் சிரித்துவிட்டாள்.

அந்தச் சிரிப்பு சைக்கிளில் கூடவே முதலியார்பேட்டை வரை வந்தது.

ஆனால் குருசுக்குப்பத்துத் தெரு சும்மா இருக்குமா? தலையில் மீன்கூடையோடு அஞ்சலாட்சி ஒரு நாள் அவன் சைக்கிளை மறித்தாள்.

"இன்னா தம்பி, பிரான்சுக்கு எப்ப டிக்கெட்டு?"

"நான் எதுக்கும்மா பிரான்சுக்குப் போறேன்?"

"எல்லாரும் போறதுக்குத்தான்! பிரெஞ்சு பேப்பரு பொண்ணுக்கு வல போட்டுருக்கற. பெரிய மீனுதான் பாத்துக்க."

பாவாடைக்கு உடம்பெல்லாம் கூசியது. பேப்பருக்கு அலைகிறவன் என்று தனக்கொடி காதிலும் விழுந்துவிட்டால்? அந்தக் கதவு அப்புறம் திறக்குமா? நினைத்தபோது வாட்ச்சைவிட அந்தக் கதவுதான் பெரிதாகத் தெரிந்தது. அது ஏன் என்று அவனுக்கே புரியவில்லை.

ஊர் வாயை மூட ஒரு வழி கண்டுபிடித்தான். மீன் வாங்க வருகிற மாதிரி கூடையோடு வந்தான். "மாமியா ஊட்டுக்கு மீனு வாங்கிட்டுப் போறான்டி" என்றது தெரு. சரி, தெருப்பக்கமே வேண்டாம் என்று கடற்கரையோரமாக மணலில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கொல்லை வழியாக நுழைந்தான். வலை உலர்த்திக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் வேலையை விட்டுவிட்டுப் பார்த்தார்கள். அதுவரை சந்தேகப்பட்டவர்கள்கூட அன்றைக்குத்தான் உறுதி செய்துகொண்டார்கள்.

அஞ்சலாட்சி மறுநாள் பெரிய மார்க்கெட்டில் செல்வாம்பாளைப் பார்த்தாள். சங்கரா மீனோடு சங்கதியையும் சேர்த்துக் கொடுத்துவிட்டாள். அக்கா வீட்டுக்கு வந்ததும் தம்பியை எதிரில் உட்கார வைத்தாள்.

"குருசுக்குப்பத்துக்கு அடிக்கடி போறியாமே?"

"ஆமாக்கா. இன்னும் முடிவு பண்ணல."

"நெனச்சப்பல்லாம் போனா நாலு பேரு இன்னா பேசுவாங்க? ஒருவாட்டி பாத்தா போதாதா?"

"சும்மா பாத்தா இன்னாக்கா தெரியும்? கட்டிப் பாத்தாத்தான தெரியும்."

அக்கா கையிலிருந்த முறம் நழுவியது. "இன்னாது?"

"பயப்படாதக்கா. புடிக்கலன்னா திருப்பிக் குடுத்துடலாம். அவங்கண்ணனே சொல்லிட்டான்."

"அண்ணனேவா சொன்னான்?"

"ஆமா. கொஞ்ச நாளு வெச்சிருந்து பாரு, சரிப்படலன்னா வேற எடுத்துக்கன்னான்."

செல்வாம்பாள் எழுந்துபோய் சாமி படத்துக்கு முன்னால் நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அப்புறம் புருஷனிடம் சொன்னாள்: "இந்தக் கழுத ஒரு குடும்பத்துப் பொண்ணு மானத்தோட வெளையாடறான். ஞாயித்துக்கெழம வெத்தல பாக்கோட போயி நானே பேசி முடிச்சிடறேன்."

"மொதல்ல என் பல்லுக்கு வழி பண்ணு" என்றார் சாமிக்கண்ணு.

ஞாயிற்றுக்கிழமை பாவாடை பாயில் வாட்ச்சுகளைப் பரப்பிக்கொண்டிருந்தான். அக்கா பட்டுப்புடவை கட்டி, தட்டில் பூ, பழம், வெற்றிலை வைத்துக்கொண்டு ரிக்ஷா ஏறினாள் என்று பக்கத்து வீட்டில் சொன்னபோதுதான் அவனுக்கு விஷயம் உறைத்தது. சட்டையை உள்பக்கம் வெளியே தெரிய மாட்டி, ராஜா வாட்ச்சை மட்டும் கையில் கட்டிக்கொண்டு சைக்கிளை மிதித்தான். அவன் போய்ச் சேர்ந்தபோது தட்டு ஏற்கெனவே குஞ்சம்மாள் எதிரில் இருந்தது. வாசல் முழுக்கத் தெரு நின்றது. முன்வரிசையில் அஞ்சலாட்சி.

குஞ்சம்மாள் குழம்பிப்போயிருந்தாள். "வாட்ச்சு ரிப்பேருகாரருக்கா எம் பொண்ணக் கேக்கறீங்க?"

"ரிப்பேருகாரன் இல்லிங்க, மில்லுல பிட்டரு" என்றாள் செல்வாம்பாள்.

"யாரா இருந்தாலும் பேப்பருக்கு வரவன் எனக்கு வேணாம்மா. எங்கூட்டு வாசப்படி தேஞ்சதே அவங்களாலதான்."

பாவாடை மூச்சு வாங்க உள்ளே வந்தான். கதவோரம் தனக்கொடி நின்றிருந்தாள். அவளைப் பார்த்ததும், வருஷக்கணக்காக வராத முடிவு ஒரே நொடியில் வந்துவிட்டது.

"அம்மா, எனக்குப் பேப்பரு வேணாம். பிரான்சும் வேணாம். மில்லு சங்கு கேக்காத ஊருல எனக்குத் தூக்கமே வராது. வாட்ச்சு மாத்தத்தான் வந்தேன், சத்தியம். ஆனா இனிமே இங்க வர முடியாதுன்னு நெனச்சா, வரும்போது வழியெல்லாம் நெஞ்ச அடைச்சிக்கிச்சு. ஒங்க பொண்ண எனக்குப் புடிச்சிருக்குது. யோசிச்சு சொல்றேன்னு சொல்ல மாட்டேன். யோசிக்கவே வேணாம்."

செல்வாம்பாளுக்குக் கண் கலங்கிவிட்டது. தம்பி யோசிக்காமல் பேசி அவள் கேட்டதே இல்லை.

குஞ்சம்மாள் மசியவில்லை. "பேப்பருக்கு வரவங்க ஆளுக்கொரு சாக்கு சொல்லுவாங்க. வாட்ச்சு மாத்தறதுங்கறது புதுசா இருக்குது."

"சாக்கு இல்லம்மா!" பாவாடை கையிலிருந்த வாட்ச்சைக் கழற்றித் தாம்பூலத் தட்டிலேயே வைத்தான். "ஒங்க பொண்ணையே கேளுங்க. எத்தினி வாட்டி மாத்திக் குடுத்தாங்க! இதுக்கு சத்தம் ஒரு மாதிரி, அதுக்கு ஒரு மாதிரி. கண்ணக் கட்டிட்டுக் குடுத்தாலும் இது எது, அது எதுன்னு சொல்லிடுவேன். அந்த இன்னொரு வாட்ச்ச எடுத்தாரச் சொல்லுங்க. ரெண்டையும் இங்கியே பக்கத்துல பக்கத்துல வெச்சு நிரூபிக்கறேன்!"

தனக்கொடி சட்டென்று முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு கதவுக்குப் பின்னால் போய்விட்டாள்.

குஞ்சம்மாள் பெண் போன திசையைப் பார்த்தாள். தட்டில் இருந்த வாட்ச்சைப் பார்த்தாள். பிறகு, பாவாடை திருப்பிப் போட்டிருந்த சட்டையை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கேட்டாள்:

"எந்த இன்னொரு வாட்ச்சு தம்பி? அதத்தான் எம்புள்ள ஊருக்குப் போன அன்னிக்கே கையில கட்டிட்டுப் போயிட்டானே!"