ஹேமநாத் வாங்கிய ஜூஸ்

"என்னங்க இது, பீர் பாட்டிலா?"

சமையல் மேடையில் வரிசையாக நின்ற பச்சைக் கண்ணாடி பாட்டில்களைப் பார்த்து ஜெயப்ரியா கேட்டாள்.

"ஐயோ, ஆப்பிள் ஜூஸ்மா. கொஞ்சம் கேஸ் போட்டது. படிச்சுப் பாரு, ஆல்கஹால் இல்லைன்னு பெருசா போட்டிருக்கான்."

"மாம்பழ ஜூஸ்ல யாராவது அப்படிப் போடுறாங்களா?"

ஹேமநாத் லேபிள் தெரியாதபடி பாட்டில்களைத் திருப்பி வைத்தான். மறுநாள் மகள் தமிழினிக்கு ஏழாவது பிறந்தநாள். கேக், பலூன், சமோசா எல்லாம் ஜெயப்ரியாவின் பொறுப்பு. பிள்ளைகள் குடிக்க ஏதாவது வாங்குவது மட்டும் அவன் பொறுப்பு.

போன வருஷப் பிறந்தநாளில் மூக்குமுட்டக் குடித்துவிட்டு வந்து கேக்கின்மேலேயே சாய்ந்தவன் அவன். அம்மாக்கள் பிள்ளைகளை வாரிக்கொண்டு போனார்கள். மறுநாளிலிருந்து அவன் ஒரு சொட்டு தொடவில்லை. ஆனாலும் சேலையூரில் அதற்கப்புறம் எந்த வீட்டுப் பிறந்தநாளுக்கும் தமிழினியை யாரும் கூப்பிடவில்லை. தான் செய்ததற்குப் பிள்ளை அனுபவிக்கிறாள். நாளைக்கு நாலு பிள்ளைகளாவது வர வேண்டும்.

பாட்டில்தானே பிரச்சினை? ஒன்றை எடுத்து எவர்சில்வர் ஜக்கில் ஊற்றினான். அது பொங்கி நுரைத்து மேடையெல்லாம் வழிந்தது. மோட்டார் போடச் சொல்ல வந்த பக்கத்து வீட்டு ராஜகோபாலன் நுரையைப் பார்த்தார், ஹேமநாத்தைப் பார்த்தார்.

"அப்புறமா வரேன்" என்று போய்விட்டார்.

அவர் ஊரெல்லாம் சொல்வதற்குள் தானே முந்திக்கொள்ள வேண்டும் என்று, வகுப்புப் பெற்றோர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் ஹேமநாத் தட்டிவிட்டான்: 'நாளைய பிறந்தநாள் விழாவில் குழந்தைகளுக்கு மது கலக்காத பானங்கள் மட்டுமே வழங்கப்படும் என உறுதியளிக்கிறேன்.'

ஜெயப்ரியா தலையில் அடித்துக்கொண்டாள். "ரெண்டாங்கிளாஸ் புள்ளைங்க பார்ட்டிக்கு இப்படியா ஒருத்தர் உறுதிமொழி குடுப்பாரு?"

ஜாய்சனின் அம்மா முதலில் பதில் போட்டாள்: 'நானும் ஜாய்சன் அப்பாவும் கூடவே வர்றோம்.' அதன் கீழே மற்ற அம்மாக்கள் 'நாங்களும்', 'நாங்களும்' என்று வரிசை கட்டினார்கள்.

"பாத்தியா, காவலுக்கு வர்றாங்க" என்றான் ஹேமநாத்.

பாட்டில்கள் பரணுக்குப் போயின. யாரும் குறை சொல்ல முடியாத பானம் எது என்று இரவெல்லாம் யோசித்தவன், காலையில் ஜிஎஸ்டி ரோட்டோரம் ஒரு கேன் நிறையப் பதநீர் வாங்கினான். கலர் இல்லை, கேஸ் இல்லை, ஒட்டிய லேபிள்கூட இல்லை.

"சீக்கிரம் குடிச்சிடு சார், வெயில்ல வெச்சிகினு இருக்காத" என்றார் விற்றவர்.

பலூன் ஊதுகிற மும்முரத்தில் அது மறந்துபோனது. மொட்டை மாடியில் பந்தலுக்கு வெளியே கேன் பகல் முழுக்கக் காய்ந்தது. சாயங்காலம் மூடியைத் திருகியதுதான் தாமதம், டப்பென்று திறந்து அவன் சட்டையெல்லாம் நுரை. அந்த வாடை அவனுக்குப் புதிதில்லை. பதநீர் கள்ளாகியிருந்தது.

அவசரமாகக் கீழே தூக்கிப்போய்ச் சாக்கடையில் கொட்டினான். வாடை படிக்கட்டு முழுக்க இறங்கியது. சட்டை மாற்றுவதற்குள் வாசலில் மணி அடித்தது. ஜெயப்ரியா பல்லைக் கடித்துக்கொண்டு எலுமிச்சம்பழம் பிழிய ஓடினாள்.

பிள்ளைகள் எல்லோரும் அப்பா அம்மாவோடு வந்தார்கள். தமிழினி துள்ளிக் குதித்தாள். அவளைப் பார்த்துச் சந்தோஷப்படக்கூட முடியாமல், யார் மூக்கும் எட்டாத தூரத்தில், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒதுங்கினான் ஹேமநாத். அப்பாக்கள் அங்கேயும் வந்துவிட்டார்கள். அவன் நகர்ந்தால் அவர்களும் நகர்ந்தார்கள். ஜாய்சனின் அப்பா லாசரஸ் தோளை உரசுகிற மாதிரி நின்று மூச்சை இழுத்தார்.

"கள்ளு வாடை அடிக்குதே?"

ஹேமநாத் உடைந்துபோனான். "என் பொண்ணு மேல சத்தியமா நான் குடிக்கலைங்க. பதநீர் புளிச்சுப்போச்சு, கொட்டிட்டேன். நீங்க எவ்ளோ நேரம் வேணும்னாலும் காவல் இருங்க. புள்ளைங்கள மட்டும் கூட்டிட்டுப் போய்டாதீங்க."

லாசரஸ் தலையைக் குனிந்துகொண்டார். எலுமிச்சை ஜூஸ் தம்ளரோடு வந்த ஜாய்சனின் அம்மாதான் பேசினாள்.

"காவலா? புள்ளைங்களுக்காக நாங்க வரலண்ணா. நீங்க எப்படி நிறுத்துனீங்கன்னு இவங்களுக்குக் கொஞ்சம் சொல்லுங்க, அதுக்குத்தான் ஆளாளுக்கு வூட்டுக்காரர இழுத்துகினு வந்திருக்கோம்."