கருவாடு தின்ற கோழிகள்

படிக்காதவனுக்கு ஒரு வசதி உண்டு. கோணலான யோசனை வந்தால் தடுக்க மண்டைக்குள் ஆளே இருக்காது.

2007 வாக்கில் என் மனைவி செல்விக்கு ஏழாம் மாசம். வளைகாப்பு முடிந்து சிதம்பரத்தில் அம்மா வீட்டில் இருந்தாள். ரத்தம் ரொம்பக் கம்மி, இப்படியே போனால் பிரசவம் கஷ்டம் என்று டாக்டரம்மா எச்சரித்திருந்தார். எதைச் சாப்பிட்டாலும் குமட்டல். வயிற்றில் தங்கியது முட்டை ஒன்றுதான்.

கோழி தின்பதுதான் முட்டையில் சத்தாக இறங்கும் என்று டீக்கடையில் யாரோ பேசினார்கள். (விஷயம் உண்மைதான். அதைக் கேட்ட ஆள்தான் சரியில்லை.) கடலூர் துறைமுகத்தில் எனக்கு ஐஸ் உடைக்கிற வேலை. உதிர்ந்த நெத்திலிக் கருவாடு சும்மா கிடைக்கும். வீட்டுக் கோழிகளுக்குத் தவிட்டையும் நொய்யையும் நிறுத்திவிட்டு மூன்று வேளையும் அதையே போட்டேன். தெருப் பூனைகள் கோழிகளின் பின்னாலேயே சுற்ற ஆரம்பித்தன. அப்போதும் எனக்கு உறைக்கவில்லை.

முட்டைகளை உமியில் புதைத்துச் சிதம்பரத்துக்கு பஸ் ஏறினேன். அத்தை அவித்து உரித்தார். என் மச்சினன் ஒன்றை எடுத்து மோந்து பார்த்தான்.

“மாமா, இது கோழி முட்டையா, சுறா முட்டையா?”

நான் சிரித்தேன். ஒரு வாய் கடித்த செல்வி கொல்லைக்கு ஓடினாள். அதோடு கடை முட்டையைக் கண்டாலும் அவளுக்குக் குமட்டியது. தங்கிக்கொண்டிருந்த ஒரே சாப்பாட்டையும் கெடுத்துவிட்டேன்.

சுவரில் சாய்ந்து, கண்ணைத் திறக்காமல் சொன்னாள்: “முட்டை முட்டையா இருந்தா போதாதாங்க?”

திரும்பும் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டேன்.

பிறகு கோழிகளுக்குக் கம்பும் முருங்கைக்கீரையும்தான். முதலில் அதுங்க கோபித்துக்கொண்டு தின்னவில்லை. வாடை போய்விட்டதா என்று தினம் ஒன்றை நானே அவித்துத் தின்றேன். (ரத்தம் எனக்கு ஊறியது.) வாடை சுத்தமாகப் போய், மஞ்சள் கரு பூசணிப்பூ நிறத்துக்கு வந்ததும் எடுத்துப் போனேன்.

செல்வி முட்டையை மூக்கருகே வெகுநேரம் வைத்திருந்தாள்.

“என்ன போட்டீங்க?”

“கீரை.”

தின்றாள். தங்கியது. நான் அப்புறம்தான் உட்கார்ந்தேன்.

மகள் நல்லபடியாகப் பிறந்தாள். இன்றும் வீட்டில் முட்டை அவித்தால் அவள் தட்டை மூக்கருகே தூக்கிக் கேட்கிறாள்: “அப்பா, கோழி என்ன சாப்ட்டுச்சு?” நான் பதில் சொல்லும்வரை செல்வியும் கை வைப்பதில்லை.