என்னை மலை ஏற விடாத பழங்கள்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருடங்களாகத் தயங்கிக்கொண்டிருந்தேன். சாமி காரியத்தில் நடந்தது. அதைச் சொல்லிச் சிரிக்க வைத்தால் முருகன் கோபித்துக்கொள்வாரோ என்று ஒரு பயம். எனக்குப் படிப்பும் அதிகமில்லை. மூன்றாம் படிவம் வரை எப்படியோ தள்ளிக்கொண்டு போனது (தள்ளியது வாத்தியார்கள்தான்). ஆனால் போன மாதம் கோயிலில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒருவர், "எடை குறைக்கிறேண்ணே. ராத்திரிக்கு இப்பல்லாம் வெறும் பழம்தான்" என்று பெருமையாகச் சொன்னார். மடியில் ஒரு முழுச் சீப்பு வாழைப்பழம். இனிமேல் பொறுக்கக் கூடாது, எழுதிவிட வேண்டியதுதான் என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

மலேசியாவில், கிள்ளான் பக்கத்துப் பண்டமாரானில் குடியிருக்கிறேன். துறைமுகத்துக் கிடங்கு ஒன்றில் ஃபோர்க்லிப்ட் ஓட்டுகிறேன். நாள் முழுக்கப் பாரம் தூக்குகிற வேலைதான், ஆனால் பாரத்தை வண்டி தூக்கும், என்னை நாற்காலி தூக்கும். அப்படியே உட்கார்ந்து உட்கார்ந்து, பெயருக்கு ஏற்றபடி ஆறு பேர் உட்காரும் இடத்தை ஒருவனாகவே நிரப்புகிற ஆறுமுகம் ஆகிவிட்டேன்.

அந்த வருடம் என் மனைவி சரோஜாவுக்கு வயிற்றில் கட்டி என்று அறுவை சிகிச்சை நடந்தது. உள்ளே அவளை வைத்துக் கதவைச் சாத்திவிட்டார்கள். வெளியே எனக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. சுவரைப் பார்த்துக் கைகூப்பி, "முருகா, இவளை எனக்குத் திருப்பிக் கொடு. தைப்பூசத்துக்குப் பத்துமலை ஏறி உனக்குப் பால்குடம் சுமந்து வருகிறேன்" என்று வேண்டிக்கொண்டேன். திருப்பிக் கொடுத்தார். கட்டியில் ஒன்றும் கெடுதல் இல்லை என்று முடிவு வந்தது. அவள் வீட்டுக்கு வந்து, பாத்திரம் குவிந்து கிடந்த குசினியைப் பார்த்து என்னைத் திட்ட ஆரம்பித்ததும்தான் எனக்கு உயிர் வந்தது.

இனி என் பங்கு பாக்கி. ஆனால் என் இடது முட்டி ஒத்துழைக்கவில்லை. கிளினிக்கில் இருந்த டாக்டர் இளம்பெண், நம் தமிழ்ப் பிள்ளைதான். முட்டியை அழுத்திப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"அங்கிள், இந்த எடையோட அத்தன படி ஏறினா முட்டி தாங்காது. சக்கரையும் விளிம்புல நிக்குது. தைப்பூசத்துக்கு முந்தின வாரம் வாங்க. எடை கொஞ்சமாவது எறங்கியிருந்தா போகலாம். இல்லன்னா நான் சரின்னு சொல்ல மாட்டேன்."

பக்கத்தில் இருந்த சரோஜா சட்டென்று, "எறங்கலன்னா நான் குடத்தத் தூக்குறேன் டாக்டர். எனக்கு இப்ப ஒண்ணும் இல்லதானே?" என்றாள்.

டாக்டர் அவளுடைய அட்டையைப் பார்த்துவிட்டு, "அக்கா தாராளமா ஏறலாம்" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. யாருக்காக வேண்டினேனோ அவளே குடத்தைச் சுமப்பதா? நோயாளி எழுந்து வந்து டாக்டரைக் கட்டிலில் படுக்க வைப்பதுபோல அல்லவா இருக்கிறது! எப்பாடு பட்டாவது எடையை இறக்கி, நானே ஏற வேண்டும் என்று அங்கேயே சபதம் செய்தேன்.

விரதம் தொடங்கியது. மாலை போட்டு, தரையில் படுத்து, ஒரு மண்டலம். மதியம் மட்டும் சோறு. காலையிலும் இரவிலும் பாலும் பழமும். நம் வழக்கத்தில் பழம் சாப்பிட்டால் விரதம் முறியாது, எல்லோருக்கும் தெரியும். விரதத்தையே முறிக்காத பொருள் எடையை மட்டும் எப்படி ஏற்றும்? சாமியிடம் செல்லுபடியாவது தராசிடமும் செல்லுபடியாகும் என்று நானாகவே தீர்மானித்துக்கொண்டேன். யாரையும் கேட்கவில்லை. (கேட்டிருந்தால் இந்தக் கட்டுரை இல்லை.)

காலையில் பாதிப் பப்பாளி. மீதிப் பாதி கெட்டுவிடக் கூடாதே என்று பத்து மணிக்கு அதுவும். வேலைக்குப் போகும்போது சரோஜா பிழிந்து கொடுக்கும் ஆரஞ்சுச் சாறு ஒரு பெரிய பாட்டில். சாயங்காலம் கோயிலில் பஞ்சாமிர்தம். அதில் வாழைப்பழம் இருக்கிறது, பேரீச்சம்பழம் இருக்கிறது. ஆக அதுவும் பழம். கல்கண்டும் தேனும் இருப்பதைப் பற்றி நான் யோசிக்கவில்லை. பிரசாதத்தை இரண்டாம் முறை கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லலாமா? மூன்றாம் முறை நானே கையை நீட்டியதும் பக்தியால்தான்.

சீனப் பெருநாள் நெருங்கிக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டு சீன ஆன்டி நான் மாலை போட்டிருப்பதைப் பார்த்து, "ஆறு, லீமாவ் சாப்பிடலாமா?" என்று கேட்டார். தலையாட்டினேன். ஒரு பெட்டி ஆரஞ்சு வந்தது. விரதக்காரனுக்கு ஏதாவது கொடுத்தால் புண்ணியம் என்று நம்மவர்களும் நினைத்தார்கள். செந்தூலிலிருந்து என் தங்கை பலாச்சுளை கொண்டுவந்தாள். லோரிக்கார நண்பர் ஒருவர் டுரியானே கொண்டுவந்தார். டுரியான் சாப்பிடலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். மரத்தில் காய்க்கிறது, முள் இருக்கிறது, கொட்டை இருக்கிறது. பழம்தான்.

சரோஜா குசினி வாசலில் நின்று பார்த்தாள்.

"ஏங்க, இது விரதமா, பழக்கடையா?"

"பழம்தானே சரோ."

"பழம்னா? வயித்துக்குள்ள போகாதா?"

"சாமி காரியத்துல வாய் வைக்காத."

"நான் எங்க வாய் வச்சேன்? நீங்கதான் வச்ச வாய எடுக்கவே மாட்டேங்கிறீங்க."

நான் அடுத்த சுளைக்குக் கை நீட்டினேன். அப்போதும் வாயில் சுளை இருந்தது.

எடை ஏறுவது எனக்குத் தெரியாமல் போனதற்கு இன்னொரு காரணம் வேட்டி. கால்சட்டை என்றால் முதல் வாரத்திலேயே காட்டிக்கொடுத்திருக்கும். வேட்டி யாரையும் காட்டிக்கொடுக்காது. வீட்டிலும் கோயிலிலும் அதைக் கட்டிக்கொண்டு, உடம்பு லேசாகிவிட்டது என்று நானே நம்பினேன். வேலைக்குப் போடும் கால்சட்டை இறுகியபோது சலவை இயந்திரத்தைத்தான் குற்றம் சொன்னேன்.

தைப்பூசத்துக்கு முந்தின வாரம் கிளினிக்குக்குப் போனோம். கூடம் நிரம்பி வழிந்தது. எனக்கு நெற்றி நிறைய விபூதி, கழுத்தில் மாலை, இடுப்பில் வேட்டி. என்னைப் பார்த்ததும் எதிரில் இருந்த பெரியவர், "பால்குடமா தம்பி?" என்று கேட்டார். அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை.

"ஆமாங்க. டாக்டர் எடைய கொறைக்கச் சொன்னாங்க. காலையிலும் ராத்திரியும் பழம்தாங்க. வேற ஒண்ணும் கெடையாது. ஒடம்பு காத்து மாதிரி இருக்கு."

"சக்கர ஏறாதா?" என்று ஓர் அம்மா கேட்டார்.

"அது கடைச் சக்கர, அம்மா. கோப்பியில போடுறமே, அதுதான் ஏறும். பழத்துல இருக்கிறது சாமி போட்ட சக்கர. அது ஒண்ணும் பண்ணாது."

பக்கத்து வரிசைக்காரர்களும் திரும்பி உட்கார்ந்தார்கள். எந்தப் பழம் நல்லது, எத்தனை சாப்பிடலாம் என்று கேள்வி மேல் கேள்வி. "எத்தன வேணும்னாலும்" என்றேன். சரோஜா கைப்பையால் என் தொடையில் இடித்தாள். நான் அதை ஆதரவு என்று எடுத்துக்கொண்டேன்.

என் எண்ணைக் கூப்பிட்டார்கள். அந்தக் கிளினிக்கில் தராசு உள்ளறையில் இல்லை. கூடத்தின் நடுவில், என் சபைக்கு நேர் முன்னால் இருந்தது. மேடை ஏறுகிற பேச்சாளரைப் போல ஏறினேன். எடை பார்க்கும் தாதி, ஒரு மலாய் மிஸ்ஸி, எண்ணைப் பார்த்தார், பழைய அட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு மாமா என்று மலாயில் கூப்பிட்டு, கூடத்துக்கே கேட்கும்படி சொன்னார்: "பக்சிக், மூன்று கிலோ ஏறியிருக்கிறது!"

"இறங்கியிருக்கும், நல்லாப் பாருங்க" என்றேன்.

மறுபடி பார்த்தார். மூன்றுதான். கைத்தொலைபேசியை எடுத்து வைத்தேன். சாவிக்கொத்தை எடுத்து வைத்தேன். மாலையைக் கழற்ற முடியாது, அதனால் அதைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன், ஏதோ மாலைதான் மூன்று கிலோ என்பதுபோல. (கையும் என்னுடையதுதானே என்பது அப்போது தோன்றவில்லை.) தராசு கெட்டுவிட்டது என்று கடைசியாக ஒரு வாதம் வைத்தேன். மிஸ்ஸி சரோஜாவைக் கூப்பிட்டு ஏற்றினார். அவள் எடை பழைய அட்டையில் இருந்தபடியே இருந்தது.

என் சபை தராசையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தது. பெரியவர்தான் மெதுவாகக் கேட்டார்: "தம்பி, அப்ப நான் அந்தப் பழத்த ஆரம்பிக்கட்டுமா, வேணாமா?"

உள்ளே டாக்டர் நான் சாப்பிட்டதை ஒவ்வொன்றாகக் கேட்டார். நான் மறைக்கவில்லை. டுரியான் வந்ததும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"அங்கிள், பழம் நல்லதுதான். அதுல நார் இருக்கு, சத்து இருக்கு. சோறு, பலகாரத்தக் கொறச்சிட்டு, அளவா ரெண்டு பழம் சாப்பிட்டா எடைக்கு ஒதவும். ஆனா அதுல இருக்கிறதும் சக்கரதான். ஒடம்பு அதையும் கணக்குல சேர்த்துக்கும். சாறு பிழிஞ்சா நாரு போயிடும், நாலஞ்சு பழம் ஒரே மடக்குல உள்ள போயிடும். பஞ்சாமிர்தமும் டுரியானும் கேக்கவே வேணாம். மதியம் சோறு எவ்வளவு?"

"ஒரு வேளதானே டாக்டர்..."

"மலை மாதிரி போட்டுக்குவாரு" என்றாள் சரோஜா.

"சாமி படைச்ச இனிப்புக்குமா டாக்டர் கணக்கு?" என்று கேட்டேன். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் சிரிக்கவில்லை. மெதுவாகச் சொன்னார்:

"கரும்பையும் சாமிதான் படைச்சாரு அங்கிள்."

சக்கரையும் ஏறியிருந்தது. மலைக்கு அனுமதி இல்லை.

தைப்பூசத்தன்று கிள்ளானிலிருந்து ரயில் ஏறினோம். சரோஜா மஞ்சள் சேலை கட்டி, நான் நேர்ந்த குடத்தைத் தன் தலையில் வைத்துக்கொண்டு படியேறினாள். கூட்டத்தில் அந்த மஞ்சள் கொஞ்ச நேரம் தெரிந்தது, பிறகு எல்லாமே மஞ்சளாக இருந்தது. நான் கீழே, பெரிய முருகன் சிலையின் காலடியில், எல்லோருடைய செருப்புக்கும் காவல். அண்ணாந்து பார்த்தேன். ஒரு மாம்பழம் கிடைக்கவில்லை என்று கோபித்துக்கொண்டு மலையேறிய சாமி அவர். கிடைத்த பழத்தையெல்லாம் தின்றுவிட்டு மலையேற முடியாமல் நிற்பவன் நான். வெட்கத்தோடு கைகூப்பி, "அவள் வயிறு நோகாமல் இறங்கி வரட்டும்" என்று மட்டும் கேட்டேன்.

இறங்கி வந்தாள். வியர்வையில் நனைந்திருந்தாள், ஆனால் முகம் தெளிவாக இருந்தது. என் நெற்றியில் விபூதி பூசிவிட்டுச் சொன்னாள்:

"மேல ஒங்க பேர்ல ஒரு வேண்டுதல் வச்சிட்டு வந்தேன்."

"முட்டிக்கா?"

"வாய்க்கு. இனிமே ஒரு வேளைக்கு ஒரு பழம். சாறு கெடையாது. சோறும் கையளவுதான். அதுக்கு மேல எடுத்தா, ஏமாத்துறது என்னை இல்ல, அவரை."

"அது எப்படி சரோ? நீ வேண்டினது என்னைக் கட்டுமா?"

"நீங்க வேண்டினத நான் தூக்கல?"

தூக்கினாள், அதைக் கீழே நின்று நானே பார்த்தேன். அதனால் அந்த வேண்டுதலை மீறவும் முடியவில்லை. எடை மெள்ள மெள்ள இறங்கியது. இரண்டு தைப்பூசம் கழித்து டாக்டர் சரி என்றார். சரோஜா முன்னால் நடக்க, நானே குடம் சுமந்து ஏறினேன். ஆனால் வீட்டில் யாருக்கும் அது நினைவில் இல்லை. தராசுதான் நினைவில் இருக்கிறது. காஜாங்கில் நடந்த எங்கள் மகள் கல்யாணத்தின்போதுகூட, சீர்த்தட்டில் பழம் அடுக்கிய என் தங்கை, "அண்ணன ஒரு பக்கமா ஒக்கார வைங்க, தட்டு சம்பந்தி வீட்டுக்குப் போய்ச் சேரணும்" என்றாள். சம்பந்தி வீட்டாருக்கும் கதை தெரிந்திருந்தது.

வாசிக்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இதை நான்கு பேருக்குச் சொல்லுங்கள், ஆனால் இருக்கிறபடியே சொல்லுங்கள். பழமே ஆகாது என்று ஏற்றிவிடாதீர்கள், டாக்டர் அப்படிச் சொல்லவில்லை. எவ்வளவும் சாப்பிடலாம் என்று இறக்கியும் விடாதீர்கள், அப்படிச் சொன்னவன் நான்தான். முக்கியமாக, ஏறியது மூன்று கிலோ. சொந்தக்காரர்கள் வாயில் அது இப்போது ஏழாகியிருக்கிறது. முருகன் சத்தியமாக மூன்றுதான்.