அழகப்பன் பார்க்காத கடைசி ரீல்

பேய்ப்படம் எது, மர்மப்படம் எது என்று தெளிவாக முடிவு கட்டாதவரை தன் குடும்பம் எந்தத் தியேட்டர் வாசலையும் மிதிக்காது என்று அழகப்பன் ஒரு புதன்கிழமை சாயங்காலம் குழாயடியில் வைத்து அறிவித்தார். வரிசையில் இருந்த ஏழு வாளிகளும் மூன்று பெண்களும் அதைக் கேட்டுக்கொண்டார்கள். வாளிகள் மறுப்பு எதுவும் சொல்லவில்லை.

அழகப்பனுக்குத் துறைமுகத்தில் டேலி கிளார்க் வேலை. கப்பலிலிருந்து இறங்குகிற மூட்டைகளை எண்ணி, ரகம் பிரித்து, குறித்துக்கொள்ள வேண்டும். பதினாறு வருஷத்தில் ஒரு மூட்டை தவறியதில்லை. அதனால் எந்த விஷயமானாலும் இது இந்த ரகம், அது அந்த ரகம் என்று பிரித்து வைத்தால்தான் அவருக்குச் சோறு இறங்கும். சிராங்கூன் ரோட்டிலிருந்து பிரிகிற ஒரு சந்தில், கடைவீட்டு மாடியில் ஓர் அறையில் குடியிருந்தார். மாடியில் எட்டுக் குடும்பம், ஒரு குழாய், ஒரு சமையல்கட்டு. அவர் மனைவி சந்திரமதி பதினொரு வருஷமாக அந்தக் குழாயடி வரிசையில் நிற்கிறாள்.

சண்டை படத்தைப் பற்றியது என்றுதான் மாடியில் எல்லாரும் நினைத்தார்கள். உண்மையில் அது வீட்டைப் பற்றியது.

ஹவுசிங் போர்டிலிருந்து கடிதம் வந்திருந்தது. தோ பாயோவில், எட்டாவது மாடியில், புது வீடு. சமையலறைக்குள்ளேயே குழாய். குளியலறை தனி. அடுத்த செவ்வாய்க்கிழமைக்குள் குடும்பத் தலைவர் கையெழுத்துப் போட்டு அனுப்பாவிட்டால் வீடு வேறு ஆளுக்குப் போய்விடும். சந்திரமதி அந்தக் கடிதத்தை முருகன் படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருந்தாள். ஒரு நாளைக்கு நாலு தடவை எடுத்துப் படிப்பாள். தனக்கென்று ஒரு குழாயும், சாத்திக்கொள்ள ஒரு சமையலறைக் கதவும் வேண்டும் என்பதைத் தவிர அவளுக்கு வேறு ஆசை கிடையாது.

அழகப்பன் கையெழுத்துப் போடவில்லை. மூன்று காரணம் சொன்னார். லிஃப்ட் அடிக்கடி நின்றுவிடும், எட்டாவது மாடியில் காற்று அடிக்கிற அடியில் காயப்போட்ட வேட்டி கடல் தாண்டி ஜோகூருக்குப் போய்ச் சேரும், துறைமுகம் தூரம். லிஃப்ட் நின்றால் படி இருக்கிறது, காற்று அடித்தால் துணி சீக்கிரம் காயும், தூரத்துக்குப் பஸ் விட்டிருக்கிறார்கள் என்று சந்திரமதி ஒவ்வொன்றுக்கும் பதில் வைத்திருந்தாள்.

நாலாவது காரணத்தை அவர் வாயைத் திறந்து சொல்லவில்லை. அந்தப் பக்கம் முன்பு சமாதிகள் இருந்தன என்றும், தோண்டி எடுத்து வேறு இடத்துக்குக் கொண்டுபோனபிறகுதான் கட்டடம் எழும்பியது என்றும் துறைமுகத்தில் யாரோ பேசிக்கொண்டார்கள். எல்லாவற்றையும் எடுத்தார்களா, எண்ணி எடுத்தார்களா, எண்ணியதைச் சரிபார்த்தது யார் என்ற கேள்விகள் அழகப்பனைப் பிடித்துக்கொண்டன. நாற்பத்துமூன்று வயதான அந்த மனிதருக்குப் பேய் என்றால் பயம். கல்யாணத்துக்கு முன்பும் பயம், பின்பும் பயம்.

இந்த நேரம் பார்த்துத்தான் சந்து முனையில் புதுப்படப் போஸ்டர் ஒட்டினார்கள். ஒரு பக்கம் வெள்ளைப் புடவையில் தலைவிரி கோலமாக ஒரு பெண். இன்னொரு பக்கம் கோட்டுப் போட்ட ஆள், கையில் துப்பாக்கி. கீழே நூடுல்ஸ் வறுத்து விற்கிற மீ கோரெங் கடை வைத்திருக்கும் ஹனீபாவின் மனைவி ருக்கையா, ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி ஆட்டத்துக்கு எல்லாரும் சேர்ந்து போகலாம் என்றாள். இது பேய்ப்படம், குடும்பத்தோடு பார்ப்பதற்கில்லை என்றார் அழகப்பன். அப்படியானால் துப்பாக்கி எதற்கு என்று சந்திரமதி கேட்டாள். பேயைச் சுடுவதற்கு யாராவது துப்பாக்கி எடுத்துக்கொண்டு வருவார்களா என்றும் கேட்டாள். அதன் பிறகுதான் மேற்படி அறிவிப்பு.

அன்று விளக்கேற்றிய கையோடு ஹனீபாவும் ருக்கையாவும் மாடிக்கு வந்து உட்கார்ந்தார்கள். அழகப்பன் தொண்டையைச் செருமிக்கொண்டு ரகம் பிரித்தார். வெள்ளைப் புடவை, கொலுசுச் சத்தம், காற்றில் அணைகிற விளக்கு எல்லாம் இரண்டு ரகத்திலும் உண்டு; அவற்றை வைத்து முடிவு சொல்லக்கூடாது. கடைசி ரீல்தான் கணக்கு. கடைசி ரீலிலும் பேய் பேயாகவே இருந்தால் அது பேய்ப்படம். போலீஸ் வந்து முக்காட்டை இழுக்கும்போது உள்ளே ஓர் ஆள் இருந்தால் மர்மப்படம்.

"அப்ப படம் முடியிற வரைக்கும் என்ன படம் பாக்குறோம்னே நமக்குத் தெரியாதா அண்ணே?" என்று ஹனீபா கேட்டார்.

சந்திரமதிதான் மெதுவாகச் சொன்னாள்.

"அவ்வளவு தூரம் போவானேன்? கண்ணைத் தொறந்து வச்சுக்கிட்டுப் பாத்தா மர்மப்படம். கண்ணை மூடிக்கிட்டுப் பாத்தா பேய்ப்படம்."

ருக்கையா தலையாட்டினாள். அழகப்பன் சிரித்தார். ஆளுக்கு ஆள் மாறுகிற அளவுகோலை வைத்து மூட்டை எண்ண முடியுமா என்று கேட்டார். இந்த வரையறை செல்லாது, செல்லாது என்று தொடையில் தட்டி இரண்டு தடவை சொன்னார்.

"சரி, நீங்க சொன்னதையே வச்சுக்குவோம்," என்றாள் சந்திரமதி. "கடைசி ரீல்ல பேய்தான்னா, இனிமே வீட்டுப் பேச்சை நான் எடுக்க மாட்டேன். ஆள்னா, நீங்க கையெழுத்துப் போட்டுடணும். பாய் சாட்சி."

அழகப்பன் ஒரு நாள் வாய்தா கேட்டார்.

மறுநாள் துறைமுகத்தில் முதல் வேலையாகப் பாலகிருஷ்ணனைப் பிடித்தார். பக்கத்து மேசைக்காரன். எந்தப் படம் வந்தாலும் அதைப் பற்றி முதலில் பேசுகிறவன். முடிவு என்ன என்று அழகப்பன் சுற்றி வளைத்துக் கேட்டார். பேய்தான், சந்தேகமே வேண்டாம், நேராகச் சுவரைத் துளைத்துக்கொண்டு போகிறது என்றான் பாலகிருஷ்ணன். அழகப்பனுக்கு மனசு குளிர்ந்துவிட்டது. சாயங்காலம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்து பந்தயத்துக்குச் சம்மதித்தார். முடிவு தெரிந்துகொண்டு பந்தயம் கட்டுவது நியாயமா என்று அவர் மனசாட்சி ஒரு கேள்வி கேட்டது. குடும்ப நன்மைக்காக என்று பதில் சொல்லி அதை உட்காரவைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தபோதுதான் அவருக்கு ஒன்று உறைத்தது. பந்தயத்தில் ஜெயிக்கப்போவது நிச்சயம். அப்படியென்றால் பார்க்கப்போவது நிஜமான பேய்ப்படம் என்பதும் நிச்சயம். மூன்று மணி நேரம். ரசத்தை ஊற்றிக்கொள்ளாமலே எழுந்துவிட்டார்.

தியேட்டரில் வரிசை ஓரத்து நாற்காலியை அழகப்பன் பிடித்துக்கொண்டார். அடுத்து சந்திரமதி, அதற்கடுத்து ருக்கையா, கடைசியில் ஹனீபா. விடியுமுன் எழுந்து கடை திறக்கிறவர் ஆதலால், பெயர் போட்டு முடிப்பதற்குள் ஹனீபா தூங்கிவிட்டார்.

முதல் கொலுசுச் சத்தம் கேட்டதும் அழகப்பன் எழுந்தார். கச்சாங் பூத்தே வாங்கிவருகிறேன் என்றார். வாசலில் தலையில் தட்டு வைத்திருந்த கச்சாங்காரரிடம் வறுத்த கடலை ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டு, கொலுசு அடங்கிய பிறகு திரும்பிவந்தார். கொஞ்ச நேரத்தில் விளக்கு அணைந்தது. பட்டாணி வாங்கப் போனார். ஊஞ்சல் தானாக ஆடியது. முந்திரி வாங்கப் போனார். இடைவேளைக்குப் பிறகு கிணற்றுக்குள்ளிருந்து ஒரு கை மேலே வந்தது. என்ன வாங்குவது என்று யோசிக்காமலே போனார். சந்திரமதியின் மடியில் காகிதப் பொட்டலங்கள் சேர்ந்துகொண்டே வந்தன. அவள் திரையையும் அவரையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடைசி ரீல் வந்தது. இருட்டு மாளிகை, படிக்கட்டு, உச்சியில் வெள்ளைப் புடவை. அது திரும்பப் போகிறது. அழகப்பனின் கால்கள் அவரைக் கேட்காமலே நாற்காலிக்கு மேல் ஏறின.

"கடலை தீந்துபோச்சா?" என்று சந்திரமதி கேட்டாள்.

தீரவில்லை. ஆனாலும் போனார். இது ஐந்தாவது தடவை. உள்ளே படம் ஓடுகிறதா இல்லையா என்று கச்சாங்காரர் கேட்டார். அழகப்பன் அதை விட்டுவிட்டு, கடலையை எவ்வளவு நேரம் ஊறவைக்க வேண்டும், உப்பு எப்போது போட வேண்டும் என்று விசாரித்தார். வாழ்க்கையில் அவர் சமையலில் காட்டிய அக்கறை அந்தப் பத்து நிமிடம்தான். உள்ளே கைதட்டல் கேட்ட பிறகு போய் எட்டிப்பார்த்தார். திரையில் 'சுபம்' என்று போட்டிருந்தது.

"மாளிகைக் கணக்குப்பிள்ளைதாங்க," என்றாள் சந்திரமதி.

"யாரு?"

"வெள்ளைப் புடவைக்குள்ள. போலீஸ் வந்து முக்காட்டைப் பிடிச்சு இழுத்தாங்க. மீசையோட நிக்கிறான்."

அழகப்பன் வாயைத் திறந்தார். பேய் சுவரைத் துளைத்துக்கொண்டு போனதே என்று சொல்ல வேண்டும். எப்படித் தெரியும் என்று கேட்டால் பாலகிருஷ்ணன் பெயரைச் சொல்ல வேண்டும். முடிவு தெரிந்து பந்தயம் கட்டிய குட்டு வெளிப்பட்டுவிடும். நான் பார்க்கவில்லை என்று சொல்லலாம். அப்போது வெளியே என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று கேட்பாள். வாயை மூடிக்கொண்டார். ஹனீபாவைத் தட்டி எழுப்பிக் கேட்டார். படம் முடிந்துவிட்டதா என்று ஹனீபா திருப்பிக் கேட்டார். ருக்கையா முகம் முழுக்க இழுத்து மூடியிருந்த முக்காட்டைச் சரிசெய்துகொண்டே, அக்கா சொல்வதுதான் சரி என்றாள்.

"சந்தேகமா இருந்தா நாளைக்கு லீவு போட்டு மூணு மணி ஆட்டத்துக்கு நீங்க மட்டும் போய்ப் பாத்துட்டு வாங்க," என்றாள் சந்திரமதி. "கடலையை நான் வீட்லயே வறுத்துத் தந்துடுறேன். நடுவுல எந்திரிக்க வேண்டியிருக்காது."

திங்கட்கிழமை காலையில் அழகப்பன் கையெழுத்துப் போட்டார்.

போட்ட கையோடு துறைமுகத்துக்குப் போய்ப் பாலகிருஷ்ணன் மேல் பாய்ந்தார். அவன் அசரவில்லை. மேசை டிராயரை இழுத்து, தியேட்டர் வாசலில் விற்கிற பாட்டுப் புத்தகத்தை எடுத்து நீட்டினான். படம் பார்க்க அவனுக்கு நேரம் ஏது? எல்லாப் படத்தையும் பாட்டுப் புத்தகத்தில் கதைச்சுருக்கம் படித்தே தெரிந்துகொள்கிறவன். கடைசிப் பக்கத்தில் இப்படி இருந்தது: 'அவள் சுவரைத் துளைத்துக்கொண்டு மறைகிறாள். பேயா? பெண்ணா? மீதியை வெள்ளித்திரையில் காண்க.'

"மீதியும் உண்டுன்னு போட்டிருக்கேடா," என்றார் அழகப்பன்.

"அதுக்கு டிக்கெட் வாங்கணும்லா," என்றான் பாலகிருஷ்ணன்.

அடுத்த மாதம் தோ பாயோவுக்குக் குடிபோனார்கள். அன்று சாயங்காலம் சந்திரமதி சமையலறைக் குழாயைத் திறந்துவிட்டு, வாளி கூட வைக்காமல், தண்ணீர் விழுவதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இதற்கா இத்தனை நாள் சப்பைக்கட்டுக் கட்டிக்கொண்டிருந்தோம் என்று அழகப்பனுக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஆனாலும் ஜன்னல் பக்கம் போகாமல், முதுகைச் சுவரோடு ஒட்டி நின்றிருந்தார்.

"ஒண்ணும் இருக்காதுங்க," என்றாள் அவள், திரும்பாமலே. "எண்ணித்தான் எடுத்திருப்பாங்க."

அழகப்பன் பேயறைந்தவர்போல நின்றார். இவளுக்கு அதை யார் சொன்னார்கள் என்று கேட்கத் தைரியம் வரவில்லை. தூக்கத்தில் தான் பேசுவது அவருக்குத் தெரியாது.

மூன்று மாதம் ஆயிற்று. லிஃப்ட் இரண்டு தடவைதான் நின்றது. வேட்டி எதுவும் ஜோகூர் போகவில்லை. பேய் வரவில்லை. அந்த வெள்ளைப் புடவையே கணக்குப்பிள்ளை என்றால், உலகத்திலுள்ள மற்ற வெள்ளைப் புடவைகளும் அப்படித்தான் இருக்கும் என்று அழகப்பன் தனக்குள் ஒரு முடிவுக்கு வந்திருந்தார். அந்தத் தைரியத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தவளிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார். பாலகிருஷ்ணன், பாட்டுப் புத்தகம், வாசலில் நின்ற பத்து நிமிடம், ஒன்றையும் மறைக்கவில்லை. எல்லாம் சொல்லிவிட்டு, அந்தக் கணக்குப்பிள்ளையின் மீசை பெரிய மீசையா, அரும்பு மீசையா என்று ஆசையாகக் கேட்டார்.

"எந்தக் கணக்குப்பிள்ளை?"

"படத்துல. முக்காட்டுக்குள்ள."

"ஓ, அதுவா? எனக்கெப்படிங்க தெரியும்? கடைசியா நீங்க எந்திரிச்சுப் போனதும் எனக்கும் பயமாப் போச்சு. கண்ணை இறுக்கி மூடினவ, கைதட்டுன பிறகுதான் தொறந்தேன்."

வெளியே காற்று அடித்தது. அழகப்பன் கால்கள் மெதுவாக நாற்காலிக்கு மேல் ஏறின.

"அப்ப உன் கணக்குப்படி அது பேய்ப்படம்தானே?" என்றார்.

"ஆமா," என்றாள் சந்திரமதி, அடுத்த பீன்ஸை எடுத்துக்கொண்டு. "நீங்கதான் அந்தக் கணக்கு செல்லாதுன்னு தொடையில தட்டிச் சொல்லிட்டீங்களே."