கிணற்றில் கருவாட்டு உப்பு

கல்யாணப் பந்தியில் ரசத்தைப் பரிசோதித்துவிட்டுச் சாப்பிட்ட மனிதர், நான் அறிந்து, மெட்ராஸிலேயே ஒருவர்தான்: எங்கள் உப்பு சார். கிண்ணத்தில் கொஞ்சம் ரசம் வாங்கி, மஞ்சள் மருந்து விட்டு, அதன்மேல் சில்வர் நைட்ரேட்டைத் துளித்துளியாக விடுவார். மஞ்சள், செங்கல் நிறமாகச் சிவக்க எவ்வளவு துளி பிடிக்கிறதோ அவ்வளவு உப்பு. ரசம் முதலிலேயே சிவப்பாக இருந்ததால் முடிவு சொல்ல முடியவில்லையே என்று அன்று வருந்தினார்.

அவர் சர்க்கார் நிலத்தடி நீர் ஆபீசில் கெமிஸ்ட். எழுபதுகளின் தொடக்கத்தில், ராயபுரம் முதல் எண்ணூர் வரை எந்தக் கிணற்றில் எவ்வளவு உப்பு என்று அளப்பது அவர் வேலை. சைக்கிள் கேரியரில் மரப்பெட்டி, மருந்து பட்டுக் கறுத்த விரல்கள். பெண் பார்க்கப் போன வீட்டில் கொடுத்த தண்ணீரிலும் சொட்டு விட்டு, "குடிக்கலாம், ஆனா பருப்பு வேகாது" என்றாராம். சம்பந்தம் முறிந்தது. உண்மையா என்று கேட்டால், "பருப்பு வெந்துச்சா இல்லையா, அதைக் கேளுங்க" என்பார்.

திருவொற்றியூரில் எங்கள் தெரு கடலை ஒட்டியது. ஒரே ஒரு பொதுக்கிணறு, அதுவும் உப்பு. அது குடிக்க லாயக்கில்லை என்று உப்பு சார் எழுதிக் கொடுத்தால் தெருவுக்குக் குழாய் போடுவதாக முனிசிபாலிட்டியில் சொல்லியிருந்தார்கள். அதுவரை பெண்கள் பக்கத்துத் தெருக் குழாயடியில் குடத்தோடு போய்த் திட்டு வாங்க வேண்டும்.

"பெரிய மோட்டார் வச்சு பூமியில இருக்கற நல்ல தண்ணிய இழுக்கறாங்கம்மா. அந்த எடத்துக்குக் கடல் உள்ள வருது" என்று மீன் விற்கும் ரோஸி அக்காவுக்கு விளக்கினார் சார்.

"அது இன்னாத்துக்கு சார் எங்க வூட்டாண்ட வருது? நாங்கதான் தெனம் அதும் வூட்டுக்குப் போய்கினு கீறோமே!"

மறுவாரம் வந்து தண்ணீர் எடுப்பதாகச் சொல்லிப் போனார். இடையில் மழை கொட்டியது. ரோஸி அக்கா கிணற்றுத் தண்ணீரை வாயில் ஊற்றிப் பார்த்துவிட்டு, "ஐயோ, பேஜாரு! தண்ணி தேறிகினு வருதே!" என்று அலறினார். குழாய் போய்விடுமே! நேராகக் கருவாட்டுக் கொட்டகைக்குப் போய், ஒரு மூட்டை உப்பைக் கொண்டுவந்து கிணற்றில் கவிழ்த்துவிட்டார்.

சார் வந்தார். பாட்டிலை இறக்கித் தண்ணீர் எடுத்தார். துளி விட்டார், விட்டார், விட்டுக்கொண்டே இருந்தார். கண்ணாடிக் குழாயில் மருந்தே தீர்ந்துவிட்டது. தண்ணீர் மஞ்சளாகவே நின்றது.

"இதுக்கு வங்காள விரிகுடாவே நல்ல தண்ணிம்மா." பாட்டிலுக்குள்ளிருந்து எதையோ இடுக்கியால் எடுத்து உள்ளங்கையில் வைத்தார். "கடல் உள்ள வர்றது சரி. நெத்திலித் தலையுமா கூட வரும்?"

"கடல்னா மீனு இல்லாமயா சார்?" என்றார் ரோஸி அக்கா, அசராமல்.

"கருவாடாவேவா வரும்?"

சார் பெட்டியை மூடினார். குழாய் போச்சு என்று தெருவே தலையில் கைவைத்தது. ஆனால் அவர் சட்டையைக் கழற்றி ராட்டினக் கம்பத்தில் மாட்டினார்.

"கிணத்தை இறைங்க. புதுசா ஊறி வர்ற தண்ணிதான் சாட்சி."

கடலிலிருந்து திரும்பிய ஆட்களெல்லாம் கயிற்றைப் பிடித்தார்கள். சாரும் பிடித்தார். "சார், வலை இழுக்கறாப்புல இழு! இன்னாமோ பூப்பறிக்கிறியே!" என்று பின்னாலிருந்து ஒரு குரல் விரட்டியது.

சாயங்காலம் கிணற்றின் அடியில் புதுத் தண்ணீர் ஊறியது. மழைத் தண்ணீரா, கடல் தண்ணீரா? யாருக்கும் தெரியாது. ரோஸி அக்கா கைகூப்பி, "அந்தோணியாரே, உப்பாவே வரணும்ப்பா. நல்ல தண்ணி வந்துச்சு, உனக்கு மெழுவத்தி கெடையாது, ஆமா" என்றார். சார் மஞ்சள் மருந்தை ஊற்றிச் சொட்டு விடத் தொடங்கினார். தெரு முழுக்கக் குடுவையைச் சூழ்ந்துகொண்டு கத்தியது: "செவக்காத! செவக்காத!"

"கத்தாதீங்க, துளிக் கணக்கு தப்புது!"

துளி மேல் துளி விழுந்தது. அது சிவந்தபோது, கண்ணாடிக் குழாயில் மருந்து வெகுதூரம் இறங்கியிருந்தது. சார் அளவைப் பார்த்தார், நிமிர்ந்தார்.

"குடிக்க லாயக்கில்ல."

விசில் பறந்தது. சொந்தக் கிணறு கெட்டதற்கு அப்படிக் கொண்டாடிய தெரு உலகத்திலேயே எங்களுடையதாகத்தான் இருக்கும். சார் மட்டும் சிரிக்கவில்லை. கிணற்றுக்குள் வந்துவிட்ட கடலை எட்டிப் பார்த்தார். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு போனார்.

குழாய் வந்த அன்று சைக்கிளில் வந்தார். ரோஸி அக்கா முதல் டம்ளரை அவரிடமே நீட்டினார். மரப்பெட்டி திறக்கும் என்று எல்லோரும் காத்திருந்தோம். அது கேரியரிலேயே இருந்தது. சார் அண்ணாந்து ஒரே மூச்சில் குடித்தார்.

"இன்னா சார், சொட்டு வுடல?"

"அதுக்கு இன்னிக்கு லீவும்மா" என்று டம்ளரை மறுபடி நீட்டினார்.

அந்தக் கறுத்த விரல்களை அன்றே ஒருமுறை பிடித்துக் குலுக்கியிருக்கலாம் என்று இப்போதும் தோன்றுகிறது.